மூன்றாவது மாடி வரைக்கும்

எனக்கு முன்னால் இன்னும் நாலு பேர் பேச வேண்டும், அதற்குள் டாக்டரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம், ரெண்டு நிமிஷம் போதும், ரெண்டு நிமிஷம்கூட வேண்டாம், ஆனால் மைக் அவர் கையில் இருக்கிறது, மைக் வைத்திருக்கிற மனுஷனிடம் எப்படிக் காதோரம் பேசுவது. டாக்டர் ஞானசேகர் பல் டாக்டர். வாரம் முழுக்க அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்லிச் சொல்லியோ என்னவோ இங்கே வந்தால் தன் வாயை மூடவே மாட்டார். ஆனால் அவர் இல்லாவிட்டால் இந்தக் கூட்டமே இல்லை. வருஷா வருஷம் டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கோயம்புத்தூரில் எங்களை மாதிரி ஆட்களை, பிளாஸ்டிக் கட்டை செட் வாங்கி வீடு, ரயில், கப்பல் என்று கட்டி அலமாரியில் வைத்துத் தூசி தட்டுகிற வளர்ந்த ஆட்களை, இந்த மாடி ஹாலில் கூட்டி உட்கார வைப்பது அவர்தான். அந்த வருஷம் கட்டினதில் பிடித்த மூன்று செட்டை ஒவ்வொருவரும் மேடையேறிச் சொல்ல வேண்டும், மூன்றாம் இடத்தில் ஆரம்பித்து முதல் இடத்துக்கு வர வேண்டும். எல்லோரும் முடித்ததும் எனக்கு வழியனுப்பு விழா. அதை ரகசியமாக வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். படியேறி வரும்போதே பார்த்துவிட்டேன். மேடைக்குப் பின்னால் டேபிளில் ஏதோ ஒன்றைப் பழைய பெட்ஷீட் போட்டு மூடியிருந்தார்கள், ஒரு ஓரம் விலகியிருந்தது. நீலத்தின் மேல் வெள்ளைக் கட்டைகளில் எழுத்து. தாரணி – மாதேஷ். அயர்லாந்து வீட்டு வாசலில் மாட்டிக்கொள்ள ஒரு பெயர்ப் பலகை. தமிழ் எழுத்தைக் கட்டையில் கொண்டுவருவது லேசு இல்லை, எழுத்து எல்லாம் வளைவு, கட்டை எல்லாம் சதுரம், அந்த 'ணி'யின் சுழிகளுக்கு யாரோ கால்வட்டத் துண்டுகளாகத் தேடித் தேடி வைத்திருக்கிறார்கள். நல்ல வேலை என்றுதான் முதலில் தோன்றியது. அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது, என் பெண்டாட்டி பேரைப் பார்த்ததும் முதலில் தோன்றியது துண்டுகளைப் பற்றி. 

"எப்ப கிளம்பறீங்க மாதேஷ்?" என்று வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஒருத்தர் கேட்டார். "அங்க குளிர் தாங்குவீங்களா?" என்று இன்னொருத்தர். சிரித்தேன். சிரிப்பது பொய் சொல்வது ஆகாது என்று இந்த ரெண்டு மாசமாக ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். கேட்கிறவர்கள் தாங்களே பதிலும் சொல்லிக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள், நான் சிரித்துக்கொண்டு நிற்பது மட்டும்தான் என் வேலை. பக்கத்து நாற்காலியில் மெஹருன்னிசா மேடம், கணக்கு டீச்சர், கப்பல் செட்டைத் தவிர வேறு எதையும் தொடாதவர், தேங்காய் பன்னைப் பிட்டு ஒரு பாதியை என் கையில் வைத்து, "சாப்பிடுங்க தம்பி, இளைச்சுப் போயிட்டீங்க" என்றார். இளைத்துத்தான் போயிருக்கிறேன். பன் வாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிறது, இறங்க மாட்டேன் என்கிறது. மேடையில் ஒரு பையன் கோட்டை செட்டைப் பற்றி என்னமோ சொல்லி எல்லோரும் கைதட்டுகிறார்கள், நானும் தட்டுகிறேன். போன வருஷம் இதே மேடையில் நானும் தாரணியும் சேர்ந்து நின்றோம். ஒரு மைக்கை மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டோம். அவள் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கிற வேலை, அயர்லாந்தில் கார்க் என்கிற ஊரில் வேலை கிடைத்திருந்தது, ஜனவரியில் கிளம்ப வேண்டும். எனக்கு விசா வந்ததும் நானும் போய்விடுவதாக ஏற்பாடு. அன்றைக்கு டாக்டர்தான் அந்த யோசனையைச் சொன்னது, ரெண்டு பேரும் ஒரே செட்டை வாங்குங்க, நீங்க அங்க கட்டுங்க, இவரு இங்க கட்டட்டும், வீடியோல பாத்துட்டே கட்டுங்க, பிரிஞ்சிருக்கற மாதிரியே தெரியாது. ஹால் முழுக்கச் சிரித்தது. தாரணி என் தோளில் லேசாக இடித்து, "மாமா என்னை விட மெதுவாக் கட்டுவாரு, நான் காத்துட்டு உக்காந்திருக்கணும்" என்றாள்.

அப்படித்தான் ஆரம்பித்தோம். ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சாயங்காலம், அவளுக்கு அப்போதுதான் காலை. முதலில் பூக்கடை, சின்ன செட். அவளுக்கு ஒரு அறை மட்டும் வாடகைக்குக் கிடைத்திருந்தது, மேஜை கிடையாது, கட்டிலில் சூட்கேஸைப் படுக்கப் போட்டு அதன் மேல் வைத்துக் கட்டினாள். நான் இங்கே சாப்பாட்டு மேஜையில். "பிரிக்கலாமா?" என்பாள், ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் கட்டைகள் இருக்கிற முதல் பையைக் கிழிப்போம், இங்கே கிழிகிற சத்தத்துக்குக் கொஞ்சம் பின்னால் அங்கே கிழிகிற சத்தம் போனில் வரும். அவளுடைய மஞ்சள் பூ ஒன்று சுவரோரம் இருந்த ஹீட்டருக்குள் விழுந்துவிட்டது. குச்சி விட்டுப் பார்த்தாள், வரவில்லை. அழுதுவிட்டாள். இத்தனூண்டு பூவுக்கு அழுவாங்களா என்று கேட்டேன். பூவுக்கு இல்ல மாமா என்றாள். அடுத்த நாளே என்னுடைய மஞ்சள் பூவைப் பிடுங்கி ஒரு வாழ்த்து அட்டைக்குள் டேப் போட்டு ஒட்டித் தபாலில் அனுப்பினேன், போய்ச் சேர்ந்தது, வைத்து போட்டோ அனுப்பினாள். இன்றைக்கு மூன்றாம் இடம் அந்தப் பூக்கடைதான் என்று நினைத்துக்கொண்டுதான் வீட்டிலிருந்து கிளம்பினேன். இரண்டாம் இடம் டிராம் வண்டி. கோடைக்காலத்தில் கட்டினது. அதற்குள் அவள் வேறு வீட்டுக்கு மாறியிருந்தாள், கேரளாவிலிருந்து வந்த ரெண்டு நர்ஸ்களோடு, பெரிய மேஜை, ஜன்னலுக்கு வெளியே ஏதோ மரம். கட்டிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெண்கள் எட்டிப் பார்த்து ஏதாவது சொல்வார்கள், இவள் திரும்பிச் சிரிப்பாள், அந்தச் சிரிப்பு எனக்குப் புதுசாக இருந்தது, சத்தமாக, வாயை மூடாமல். இங்கே இருந்த எட்டு வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை, அல்லது நான் கவனித்ததில்லை. சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது, ஏன் என்று தெரியவில்லை, மின்சாரம் போவதற்கு முன்னால் பல்பு ஒரு தரம் பிரகாசமாக எரியுமே அது மாதிரி ஒரு பயம். டிராமின் பக்கவாட்டுக்குக் கண்ணாடி வைத்துக்கொண்டிருந்தபோதுதான் என்று நினைக்கிறேன், "மாதேஷ், இந்தப் பக்கம் ரெண்டா மூணா?" என்று கேட்டாள். மாதேஷ். கல்யாணம் ஆன நாளிலிருந்து மாமாதான். அந்த ஊரில் எல்லோரும் எல்லோரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், வாய் பழகியிருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். மூன்று என்று பதில் சொன்னேன்.

அப்புறம் ஓட்டல். நாலு மாடி ஓட்டல், இந்த வருஷத்தின் பெரிய செட், இங்கே இருக்கிற பாதிப் பேர் அதை வாங்கியிருக்கிறார்கள், இதுவரை பேசினவர்களில் ரெண்டு பேர் அதைத்தான் முதல் இடத்தில் வைத்தார்கள். பக்கத்தில் இருக்கிற திருகைத் திருப்பினால் நூல் இழுத்து லிஃப்ட் மேலே ஏறும். ஆகஸ்டில் ஆரம்பித்தோம். ஒரு ஞாயிறு அவளுக்கு டியூட்டி, ஒரு ஞாயிறு தலைவலி, ஒரு ஞாயிறு அந்தப் பெண்களோடு கடற்கரைக்கு. எட்டுப் பைகள் முடிந்தன, மூன்று மாடி எழும்பியது. ஒன்பதாவது பைக்கு அவள் உட்காரவே இல்லை. நான் பிரிக்கவில்லை. நம்பர் போட்ட அந்தப் பை மேஜையில் அப்படியே இருந்தது, அதை நகர்த்தி வைத்துச் சாப்பிட்டேன், துடைத்துத் திரும்ப வைத்தேன். அக்டோபரில் எனக்கு விசா வந்தது. பம்ப் கம்பெனியில் டிசைன் பிரிவில் இருக்கிறேன், அங்கே வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்தேன், எல்லோரும் சேர்ந்து மாலை போட்டு ஒரு சூட்கேஸ் வாங்கிக் கொடுத்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் தாரணி சொன்னாள். நிதானமாகத்தான் சொன்னாள். உங்க மேல கோவம் இல்ல, வேற யாரும் இல்ல, இங்க நான் தனியா இருக்கறேன், ஆனா எனக்கு இப்படி இருக்கறது புடிச்சிருக்கு, நீங்க வந்தா நான் திரும்பப் பழைய மாதிரி ஆயிருவேன், எனக்குத் தெரியும். கோபம் இல்லை என்றாள். கோபம் இருந்திருந்தால் எதையாவது பிடித்துக்கொண்டு சண்டை போட்டிருக்கலாம், மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அப்புறம் அந்த வாக்கியம். 'இப்ப வர வேண்டாம்' என்றாளா, 'வர வேண்டாம்' என்றாளா. லைன் அப்போது கரகரத்தது. 'இப்ப' என்று ஒரு சத்தம் வந்த மாதிரியும் இருக்கிறது, வராத மாதிரியும் இருக்கிறது. கம்பெனிக்குத் திரும்பிப் போய் மேனேஜர் முன்னால் நின்று, விசா கொஞ்சம் தள்ளிப் போயிருச்சுங்க சார், அதுவரைக்கும் வரட்டுங்களா என்று கேட்டபோது அந்த 'இப்ப'வை நம்பித்தான் கேட்டேன். பைக் ஓட்டும்போது அந்த வாக்கியத்தை அவள் குரலில் சொல்லிப் பார்ப்பேன். 'இப்ப'வோடு ஒரு தரம், இல்லாமல் ஒரு தரம். ரெண்டுமே அவள் குரலில் சரியாக வருகிறது. அதற்கப்புறம் அவள் கூப்பிட்டாள், ரெண்டு தரம், உடம்பு எப்படி இருக்கு, சாப்பிடறீங்களா, அவ்வளவுதான், நானும் அதைக் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும். கேட்காதவரைக்கும் அந்த ஒரு வார்த்தையின் கீழே நான் உட்கார்ந்துகொள்ளலாம். யாரிடமும் சொல்லவும் இல்லை. என் வாயால் சொல்லி இன்னொருத்தர் காதில் விழுந்துவிட்டால் அது நடந்துவிட்டதாக ஆகிவிடும், இப்போது வரைக்கும் அது எங்கேயோ நடக்கலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருக்கிறது, கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆள் மாதிரி, நான் சத்தம் போடாமல் இருந்தால் போய்விடுவான்.

போன் சட்டைப்பையில் துடிக்கிறது. தாரணி. இந்த நேரத்தில் ஏன். மெஹருன்னிசா மேடத்தின் காலைத் தாண்டி, சாரி சொல்லி, படிக்கட்டுப் பக்கம் வந்தேன். கீழே டீக்கடைக்காரர் தம்ளர் கழுவுகிற சத்தம் கிணற்றிலிருந்து வருகிற மாதிரி ஏறி வருகிறது.

"மாதேஷ், மீட்டிங்ல இருக்கீங்களா?"

"ம்."

"டாக்டர் எனக்கு மெசேஜ் பண்ணிருந்தாரு. உங்களுக்கு வழியனுப்பு வெச்சிருக்காங்களாம். நான் பேசி ஒரு வீடியோ அனுப்பணுமாம். நான் அனுப்பல. நீங்க இன்னும் யார்ட்டயும் சொல்லலையா?"

"சொல்லணும்."

"நான் வேணா டாக்டர்ட்ட சொல்லட்டுமா?"

"வேண்டாம். நான் சொல்லிக்கறேன்." அப்புறம் ஏதாவது பேச வேண்டுமே என்று, அவள் வைத்துவிடக் கூடாதே என்று, "இங்க ரெண்டு பேரு ஓட்டலைத்தான் முதல் இடத்துல வெக்கறாங்க. நம்மளுது அப்படியே நிக்குது. ஒன்பதாவது பை நான் இன்னும் பிரிக்கல" என்றேன்.

அந்தப் பக்கம் அவள் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"நான் முடிச்சுட்டேன் மாதேஷ்."

"என்னது?"

"ஓட்டல். செப்டம்பர்லயே. ஒருநாள் லீவு, மழை, வெளிய போக முடியல. எடுத்து உக்காந்தேன், அப்படியே முடிச்சுட்டேன். உங்ககிட்டச் சொல்லணும்னு நெனச்சேன். நீங்க எனக்காக பையைப் பிரிக்காம வெச்சிருக்கறதாச் சொன்னீங்க. அப்புறம் எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

செப்டம்பர். விசாவுக்கு முன்னால். கடற்கரைக்கும் தலைவலிக்கும் நடுவில் ஏதோ ஒரு நாள். நான் இங்கே அந்தப் பையை நகர்த்தி வைத்துச் சோறு தின்றுகொண்டிருந்தபோது அங்கே கூரை ஏறிவிட்டது. லிஃப்ட் போகுதா என்று கேட்டேன். வேறு எதைக் கேட்பது.

"போகுது. மேல வரைக்கும் போகுது. நல்லா இருக்கு."

ஹாலுக்குள் கைதட்டல், அடுத்த ஆள் முடித்துவிட்டார். இப்போது கேட்காவிட்டால் இனிமேல் கேட்க மாட்டேன் என்று தெரிந்தது, எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை, கைப்பிடிச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டேன்.

"தாரணி, அன்னைக்கு நீ 'இப்ப வர வேண்டாம்'னு சொன்னியா, 'வர வேண்டாம்'னு சொன்னியா? லைன் சரியில்ல, எனக்குச் சரியா விழல."

அவள் அழுகிறாள் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. சத்தமே இல்லாமல் அழுதாள். அது மட்டும் மாறவில்லை.

"'இப்ப'ன்னு நான் சொல்லல மாமா."

மாமா என்று வாயில் வந்தது அவளுக்கே தெரிந்திருக்காது. சரி என்றேன். சரி, உள்ள கூப்படறாங்க, வெக்கட்டுமா என்றேன். அவள் ம் என்றாள். யார் முதலில் வைத்தது என்று தெரியவில்லை. டீக்கடைக்காரர் தம்ளர்களைக் கவிழ்த்து முடித்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார், டீ வேணுமா என்று கையால் கேட்டார், வேண்டாம் என்று தலையாட்டினேன். வெயில் எதிர்ச் சுவரில் பாதிக்கு இறங்கியிருந்தது. ஒன்றும் ஆகவில்லை. இத்தனை நாள் பயந்த பதில் வந்துவிட்டது, நான் நின்றுகொண்டுதான் இருக்கிறேன், சட்டைப் பொத்தான் எல்லாம் போட்டபடிதான் இருக்கிறது, இந்த உடம்பு இதைத் தாங்கிக்கொண்டு நிற்கிறதே என்று அதன் மேல்தான் எனக்குக் கோபம் வந்தது.

உள்ளே போனால் டாக்டர் என் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் பேச வேண்டியவர் யாரோ வரவில்லையாம். மேடை ஏறுகிறவரைக்கும், முதலில் டாக்டரின் காதில், முதலில் டாக்டரின் காதில் என்று சொல்லிக்கொண்டே போனேன். அவர் என் தோளில் கை போட்டு மைக்கில், "மாதேஷ் பேசறதுக்கு முன்னாடி ஒரு சின்ன விஷயங்க, கடைசி வரைக்கும் என்னால அடக்கிட்டு இருக்க முடியல" என்றார். ரெண்டு பேர் அந்தப் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கிட்டத்தில் பார்த்தால் இன்னும் நன்றாக இருந்தது. ரெண்டு பெயருக்கும் நடுவில் சிவப்பில் ஒரு சின்ன வீடு. ஒவ்வொருத்தரும் அவரவர் சேகரிப்பிலிருந்து கட்டை கொடுத்துக் கட்டியிருக்கிறார்கள் என்று டாக்டர் சொல்லிக்கொண்டு போனார். கையில் வாங்கினேன். நினைத்ததைவிடக் கனம். எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள், செல்போன்கள் உயர்ந்தன, டாக்டர் என்னைக் கொஞ்சம் வலது பக்கம் திருப்பி நிறுத்தினார், நான் சிரித்தேன், பழக்கத்தில் சிரித்துவிட்டேன். அப்படியே ஒரு நன்றி சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். வீட்டுக்குக் கொண்டுபோய்க் கட்டிலுக்கடியில் அந்தப் புது சூட்கேஸ் பக்கத்தில் தள்ளிவிட்டு, வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போயிருக்கலாம், யோசித்தேன், பொய் சொல்லவில்லை, அந்தக் கைதட்டலுக்குள்ளேயே அவ்வளவும் யோசித்தேன்.

"டாக்டர், இதை நான் வாங்கிக்க முடியாதுங்க."

மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் மைக் அவர் கையில் எங்கள் ரெண்டு பேருக்கும் நடுவில் இருந்தது. அது ஹால் முழுக்கப் போய்விட்டது. கைதட்டல் அங்கங்கே நின்றது. டாக்டர் சிரித்துக்கொண்டே, "ஏனுங்க, கனமா இருக்குதா, பிளேன்ல விட மாட்டாங்கன்னு பாக்கறீங்களா?" என்றார். யாரோ சிரித்தார்கள்.

"நான் போகலைங்க. தாரணியும் நானும் பிரிஞ்சுட்டோம்."

சொல்லிவிட்டேன். இவ்வளவுதானா அந்த வாக்கியம். பின்னால் தரையில் உட்கார்ந்து குழந்தைகள் தட்டில் கட்டைகளை அளைகிற சத்தம், மழை ஓட்டில் விழுகிற மாதிரி, நிற்காமல் கேட்டது. டாக்டர் முகத்தில் அந்தச் சிரிப்பு எங்கே போவது என்று தெரியாமல் நின்றது. பாவம், அவர் ஒரு கையால் பலகையைப் பிடித்துக்கொண்டார், எனக்கும் கையை எடுக்கத் தோன்றவில்லை, ரெண்டு பேருமாக அதைப் பிடித்துக்கொண்டு நின்றோம். "சொல்லியிருக்கலாமே மாதேஷ்" என்றார், மைக்கைத் தள்ளி வைத்துக்கொண்டு. அவர் கண் கலங்கிவிட்டது. அவரைப் பார்க்கக் கூடாது என்று ஹாலைப் பார்த்தேன், ஹாலையும் பார்க்க முடியவில்லை, உயர்த்தின செல்போன்களை ஒவ்வொருவராக இறக்கிக்கொண்டிருந்தார்கள், இறங்கி ஓடிவிட வேண்டும் போல இருந்தது, படி எந்தப் பக்கம் என்று மறந்துவிட்டது.

"மூணாவது இடம் எதுங்க தம்பி?"

மெஹருன்னிசா மேடம். நாற்காலியில் உட்கார்ந்தபடியே, வகுப்பில் கேள்வி கேட்கிற குரலில் கேட்டார். மடியில் பன் சுற்றின காகிதம் அப்படியே இருந்தது. டாக்டர் என் கையிலிருந்து பலகையை வாங்கிக்கொண்டு மைக்கைக் கொடுத்தார்.

பூக்கடை என்றேன். சின்ன செட்டுதான், ஆனா பூக்களுக்குப் போட்டிருக்கற நிறம் வேற எதுலயும் வராது என்றேன். குரல் நடுங்கியது, நடுங்கட்டும் என்று விட்டுவிட்டேன். இரண்டாம் இடம் டிராம், சக்கரம் வளைவுல சிக்காம திரும்பற மாதிரி அமைச்சிருக்காங்க, வாங்காதவங்க வாங்கிப் பாருங்க என்றேன். யாரோ தலையாட்டினார்கள். முதல் இடம் ஓட்டல் என்றேன். லிஃப்டைப் பற்றிச் சொன்னேன், நூல் எங்கே சுற்ற வேண்டும், எங்கே தப்பு வரும், அந்த இடத்தில் அவள் எனக்கு எப்படிச் சொல்லிக்கொடுத்தாள் என்று வாய் வரைக்கும் வந்ததை நிறுத்தி, ஆனா என்னுது மூணாவது மாடி வரைக்கும்தான் போகும், மீதியை நான் கட்டல என்றேன்.

பின் வரிசையிலிருந்து ஒருவர், கூட்டத்துக்குப் புதுசாக இருக்க வேண்டும், தயங்கித்தான் கேட்டார். "முடிக்காத செட்டை எப்படீங்க முதல் இடத்துல வெக்கறீங்க?"

பக்கத்தில் இருந்தவர் அவர் கையைப் பிடித்து அழுத்துவது தெரிந்தது. கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை.

"கட்டின வரைக்கும் ரொம்ப நல்லா இருந்துச்சுங்க" என்றேன்.